உள்ளே போன முதல் ஆள்

எகிப்து
24 ஜனவரி 1943

சென்னம்மாளுக்கு வேடியப்பன் எழுதுவது.

காய்ச்சல் விட்டுவிட்டது. உடம்பு பழையபடி ஆகிவிட்டது. அப்பாவிடம் சொல். சாலம்மாள் நடக்கிறாளா, என்ன பேசுகிறாள் என்று எழுது. நான் புறப்பட்டபோது உன் வயிற்றில் இருந்தவள் இப்போது நடப்பாள் என்று நினைத்தால் வேறு யாருடைய பிள்ளையையோ நினைப்பது போலிருக்கிறது.

பாதிரியார் பள்ளிக்கூடத்தில் நீ ஐந்து வருஷம் படித்தது நல்லதாகப் போயிற்று. மற்ற சிப்பாய்களின் கடிதத்தை அவரவர் ஊரில் கணக்கப்பிள்ளைதான் படித்துச் சொல்கிறார். என் கடிதத்தை நீ படிக்கிறாய். அதனால் மனதில் இருப்பதை எழுதுகிறேன்.

சண்டை மேற்கே வெகுதூரம் நகர்ந்துவிட்டது. எங்களுக்கு லீவு கொடுத்து, நைல் நதிக்கரையில் இருக்கும் பழைய கோயில்களைப் பார்க்கக் கூட்டிப்போனார்கள். ரயிலில் லக்ஸர் என்ற ஊருக்குப் போனோம். ஒகேனக்கல்லில் காவேரி விழுகிற மாதிரி இந்த ஆறு சத்தம் போடுவதில்லை. அகலமாக, ஊமையாக வடக்கே போகிறது. இரண்டு கரையிலும் கொஞ்ச தூரம் கரும்பும் கோதுமையும். அதற்கப்புறம் ஒரு புல் கிடையாது, மணல் மலை. வயலின் கடைசி வரப்பில் நின்றால் ஒரு கால் ஈரத்தில், ஒரு கால் பாலைவனத்தில்.

கர்நாக் என்ற இடத்தில் ஒரு கோயில். எங்களில் ஆறு பேர் கையைக் கோத்துக்கொண்டு ஒரு தூணைக் கட்டிப்பிடித்தோம், போதவில்லை. அப்படித் தூண்கள் காடு மாதிரி நிற்கின்றன. மறுநாள் படகில் அக்கரைக்குப் போய் ராஜாக்களைப் புதைத்த குகைகளைப் பார்த்தோம். மலைக்குள்ளே படி இறங்கிப் போகிறது. சுவரில் தீட்டிய வர்ணம் நேற்றுப் பூசியது போல இருக்கிறது. ராஜாவுக்குக் கணக்கு எழுதியவர் ஒருவரின் சமாதியில் உழவு, அறுப்பு, களத்தில் தூற்றுவது எல்லாம் வரைந்திருக்கிறார்கள். ஒரு மூலையில் ஒருவனைக் குப்புறப் போட்டுத் தடியால் அடிக்கிறார்கள். பக்கத்தில் ஒரு பெரிய மனிதர் நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கிறார். மூவாயிரம் வருஷத்துக்கு முந்தியதாம். அதைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஏன் என்று உனக்குத் தெரியும்.

அதற்கப்புறம் தெற்கே எட்பு என்ற ஊர். ஸ்டேஷன் இக்கரையில், கோயில் அக்கரையில். பாய்மரப் படகில் கடந்தோம். அந்தக் கோயில் இடியாமல் முழுசாக நிற்கிறது. வாசலில் கருங்கல்லில் ஒரு பெரிய பருந்து, தலையில் கிரீடம். என்னோடு வந்தவன் சென்னப்பன், மாரண்டஹள்ளிக்காரன், நிலபுலன் உள்ள குடும்பம். ஒரே கூடாரத்தில் படுக்கிறோம், ஒரே பாத்திரத்தில் சாப்பிடுகிறோம். நான் எந்தத் தெருவில் பிறந்தவன் என்று அவனுக்குத் தெரியும். தெரிந்தும் மறந்துவிட்டான். அந்த மறதிக்காகவே அவனை எனக்குப் பிடிக்கும்.

அவன் சுற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "நம்மூரு கோயிலேதான் வேடியப்பா. கோபுரம், பிராகாரம், மண்டபம், உள்ள போகப் போக இருட்டு. உங்கூரு மாரியாத்தா கோயில்ல உள்ள எப்பிடி, கல்லா, சுதையா?"

நான் என்ன சொல்வேன்? அந்தக் கோயில் மணி கேட்கும் தூரத்தில் பிறந்து வளர்ந்தவன். எல்லைக் கல்லுக்கு இப்பால் நின்று கையெடுத்தவன். "கல்லு" என்று சொன்னேன்.

எங்களுக்கு வழிகாட்டியவர் சிவப்புக் குல்லா போட்ட ஒரு பெரியவர். சிப்பாய்களிடம் பழகி இந்துஸ்தானி பேசுகிறார். ஜனங்கள் வெளிமுற்றத்தோடு நின்றுவிட வேண்டும், மண்டபத்துக்குள் பூசாரிகள் மட்டும், கடைசி அறைக்குள் ராஜாவும் தலைமைப் பூசாரியும் மட்டும் என்று சொன்னார். சொல்லிக்கொண்டே எங்களை அந்தக் கடைசி அறைக்குள் கூட்டிப்போய்விட்டார். யாரும் பூட்ஸைக் கழற்றச் சொல்லவில்லை. நடுவில் என்னைவிட உயரமான ஒரு கல் மாடம், கண்ணாடி மாதிரி இழைத்திருக்கிறார்கள். அதற்குள் ஒன்றும் இல்லை. வௌவால் நாற்றம். நான் கையை உள்ளே விட்டுத் தடவிப் பார்த்தேன். குளிர்ந்திருந்தது. எனக்கு என்னவோ ஆயிற்று சென்னம்மா. வெளியே வந்து வெயிலில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

இந்தக் கடிதத்தை உன் தம்பி மாதையனுக்கு ஒரு வரி விடாமல் படித்துக் காட்டு. "உள்ள என்னதான் மாமா இருக்குது" என்று சின்ன வயதிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தானே. மாமன் உள்ளே போய்ப் பார்த்துவிட்டான் என்று சொல்.

வேடியப்பன்


கூத்தம்பாறை, இண்டூர் அஞ்சல்
18 ஏப்ரல் 1943

மாமாவுக்குச் சென்னம்மாள் எழுதிக்கொண்டது.

உங்கள் கடிதம் வந்தது. வழியிலேயே தொலைந்திருந்தால் தேவலை.

நீங்கள் சொன்னபடி ஒரு வரி விடாமல் படித்தேன். தெருவில் பாதிப் பேர் வந்து உட்கார்ந்து கேட்டார்கள். தூணைக் கட்டிப்பிடித்ததைக் கேட்டுச் சிரித்தார்கள். மாதையன் சிரிக்கவில்லை. எல்லோரும் போன பிறகு கடைசி அறைப் பகுதியை மட்டும் திரும்பப் படிக்கச் சொன்னான். இண்டூரில் கிணறு வெட்டிவிட்டு வரும் நாட்களில் எல்லாம், கையைக் கழுவியதும் அதையே படிக்கச் சொல்வான். "மாமன அடிச்சாங்களா அக்கா?" என்று ஒருநாள் கேட்டான். அப்படி ஒன்றும் எழுதவில்லையே என்றேன். "பூட்ஸ் போட்டுக்கிட்டா போனாரு?" என்றான். ஆமாம் என்றேன்.

பங்குனியில் மாரியம்மன் பண்டிகை. பகல் பூசை முடிந்து ஊர்த்தெருக்காரர்கள் தீ மிதிக்கும் குழிப்பக்கம் போயிருந்தார்கள். நாங்கள் வழக்கம்போல எல்லைக் கல்லுக்கு இப்பால் நின்றிருந்தோம். மாதையன் குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, வெறுங்காலோடு முன்வாசல் வழியாக உள்ளே போனான். ஓடவில்லை, ஒளியவில்லை. தன் வூட்டுக்குள் போகிறவன் மாதிரி போனான். நான் கண்ணால் பார்த்தேன். தட்டில் எரிந்துகொண்டிருந்த சூடம் அணையும் நேரம்கூட உள்ளே இருந்திருக்கமாட்டான். திரும்பி வரும்போது நெற்றியில் திருநீறு இருந்தது. தானே எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறான்.

குழிப்பக்கத்திலிருந்து ஊர்த்தெருக்காரர்கள் ஓடிவந்து அவனைப் பந்தல் கம்பத்தில் கட்டினார்கள். மாட்டை அடிக்கும் தடியால் அடித்தார்கள். வலது கை முழங்கைக்கு மேலும் கீழும் முறிந்துவிட்டது. மணியக்காரர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நீங்கள் சுவரில் பார்த்துச் சிரித்தீர்களே, அதை நாங்கள் நேரில் பார்த்தோம்.

அதோடு விட்டிருந்தால் அவன் கைக்குக் கட்டுப் போட்டுவிட்டு அழுதிருப்போம். சாயங்காலம் போலீஸ் வந்தது. அம்மனின் வெள்ளிக் கண்மலர் காணவில்லை, மாதையன் திருடிவிட்டான் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். முறிந்த கையோடு சப்ஜெயிலுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அடுத்த வெள்ளிக்கிழமையே கண்மலர் அம்மன் முகத்தில் இருந்ததாம். பூசாரி வூட்டுக்குச் சாணி தட்டப் போகும் பழனியம்மாள், அது காணாமலே போகவில்லை என்று அவர்கள் பேசிக்கொண்டதைக் காதால் கேட்டிருக்கிறாள். ஆனால் கோர்ட்டில் வந்து சொல்லமாட்டாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. இண்டூரில் ஒரு சிப்பாய் வூட்டு வேலியைப் பிடுங்கிப்போட்டபோது, அவனுடைய காப்டன் கலெக்டருக்கு எழுதினார். உடனே ரெவினியூ இன்ஸ்பெக்டரே வந்து வேலியை நட வைத்துவிட்டுப் போனார். உங்கள் காப்டனிடம் சொல்லுங்கள். பட்டாளத்துக்காரன் குடும்பத்தின் மேல் பொய் வழக்குப் போட்டிருக்கிறார்கள் என்று ஒரு காகிதம் எழுதச் சொல்லுங்கள். ஆடிக்குள் விசாரணை வந்துவிடும் என்கிறார்கள். நீங்கள் உள்ளே போன கதையைக் கேட்டுத்தான் அவன் போனான். அதற்காகவாவது சீக்கிரம் செய்யுங்கள்.

சாலம்மாள் நன்றாக நடக்கிறாள்.

சென்னம்மாள்


எகிப்து
12 ஜூன் 1943

சென்னம்மாளுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அன்றைக்குச் சாப்பிடப் போகவில்லை. சென்னப்பன் என்ன என்று கேட்டான். ஊரில் கொஞ்சம் தகராறு என்று மட்டும் சொன்னேன். அவனிடம் இதை எப்படிச் சொல்வது?

மாதையன் மேல் எனக்குக் கோபம்தான் வருகிறது. நான் பார்த்ததைக் கதையாக எழுதினேன். அங்கே சாமி செத்து எத்தனையோ நூறு வருஷம் ஆகிவிட்டது. பூசையும் இல்லை, பூசாரியும் இல்லை, காவல்காரனுக்குச் சில்லறை கொடுத்தால் யார் வேண்டுமானாலும் போகலாம். அதுவும் நம் ஊரும் ஒன்றாகுமா? இருபத்தைந்து வயதான ஆளுக்கு இது தெரியாதா?

அப்பாவிடமிருந்தும் கடிதம் வந்தது. ஊர்க் கணக்கப்பிள்ளையைக் கொண்டு எழுதியிருக்கிறார். மாதையன் கோயிலுக்கு முன்னால் விழுந்து கும்பிட்டு, தப்புச் செய்துவிட்டேன் என்று ஊர்க் கூட்டத்தில் சொன்னால் வழக்கை வாங்கிக்கொள்வதாக மணியக்காரர் சொல்லியிருக்கிறாராம். இல்லாவிட்டால் நம் தெருவில் யாருக்கும் வேலை கிடையாது, நாம் குடியிருக்கும் வூடும் அவர் புறம்போக்கு என்று பிடுங்கிவிடுவார். அப்பாவுக்கு வயதாகிவிட்டது. அவர் எங்கே போவார்?

காப்டனுக்கு மனு கொடுக்க வேண்டுமானால் சுபேதார் கை வழியாகத்தான் கொடுக்க வேண்டும். சுபேதார் ஊர்த்தெரு ஜாதிக்காரர். நல்லவர்தான். ஆனால் எனக்கு நாயக் பட்டம் வருகிற நேரம். அதற்கு அவர் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். இந்த நேரத்தில் கோயில், திருட்டு, போலீஸ் என்று ஒரு மனுவை நீட்டினால் என்னைப் பற்றி என்ன நினைப்பார்? நாயக் ஆனபிறகு செய்தால் என் பேச்சுக்கும் மதிப்பு இருக்கும். வூட்டுக்கும் பணம் கூடுதலாக வரும்.

அதுவரைக்கும் வழி இதுதான். நீ சப்ஜெயிலுக்குப் போய் அவனிடம் சொல். ஒரு தடவை விழுந்து எழுந்தால் போய்விடும். நாம் விழாததா? நம் அப்பன் பாட்டன் விழாததா? மாமன் சொன்னதாகவே சொல். நான் சொன்னால் கேட்பான்.

சாலம்மாளுக்கு ஒரு பாசிமணி வாங்கி வைத்திருக்கிறேன்.

வேடியப்பன்


கூத்தம்பாறை
20 செப்டம்பர் 1943

மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தை ஆடி முதல் வாரம் சப்ஜெயிலுக்கு எடுத்துப்போனேன். சாலம்மாளையும் தூக்கிக்கொண்டு நடந்தே போனேன். நீங்கள் அனுப்பும் பணம் உங்கள் அப்பா கைக்குப் போகிறது, பஸ்ஸுக்கு யார் கொடுப்பார்கள்? தெருவில் எவருக்கும் வேலை இல்லை.

மாதையனுக்குக் கையை மூங்கில் பட்டை வைத்துக் கட்டியிருக்கிறார்கள். கோணலாகக் கூடிவிட்டது. கையை மடக்கினால் விரல் வாய்வரைக்கும் வராது. இடது கையால் சாப்பிடுகிறான். கடப்பாரையை இனி அவன் தூக்கப்போவதில்லை. கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று கடிதத்தைப் படித்தேன். நாயக் பட்டம் பற்றிய இடத்தை விட்டுவிடலாமா என்று பார்த்தேன். ஒரு வரி விடாமல் படிக்கச் சொல்லி நீங்கள் முன்பு எழுதியிருந்தது நினைவு வந்தது. எல்லாவற்றையும் படித்தேன்.

அவன் கோபப்படுவான் என்று எதிர்பார்த்தேன். அவன் என்னைச் சமாதானப்படுத்தினான். "மாமன் கெட்டவரு இல்லக்கா. அங்க அவரு போனப்ப அவர யாரும் அடிக்கல. அதான் இப்பிடி எழுதறாரு" என்றான்.

விழுவதைப் பற்றிக் கேட்டேன். விழுந்தால் அவன் போனது தப்பு என்று ஆகிவிடும், விழாவிட்டால் திருடன் என்று ஆகிவிடும், இரண்டில் எது பரவாயில்லை என்று என்னையே கேட்டான். நீங்களாவது சொல்லியிருக்கலாம்.

அவன் விழவில்லை. ஆறு மாதம் கடுங்காவல் போட்டார்கள். சேலம் ஜெயிலுக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

அவனுக்குப் பதிலாக உங்கள் அப்பா விழுந்தார். தெருவிலிருந்து வூட்டுக்கு ஒருவர் என்று எல்லோரும் விழுந்தார்கள். உங்கள் வூடு தப்பியது. வேலை திரும்பக் கிடைத்தது. அக்காக்காரி என்று என்னையும் கூப்பிட்டார்கள். தலையில் தண்ணீர்க்குடம் வைத்துக்கொண்டு வாசலைக் கழுவிவிட்டு விழ வேண்டுமாம், அவன் மிதித்த தீட்டுப் போவதற்கு. நான் போகவில்லை. "உன்னால எல்லார் வாயிலயும் மண்ணு விழப்போவுது" என்று உங்கள் அப்பா சொன்னார். அதன் பிறகு எனக்கும் குழந்தைக்கும் அந்த வூட்டில் உலை வைப்பதில்லை. இண்டூரில், என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்த ராணியம்மாள் வூட்டுத் தாழ்வாரத்தில் இருந்துகொண்டு, கூத்தம்பாறைக்குத் தபால் பார்க்க மட்டும் வருகிறேன்.

மாதையன் வெளியே வந்ததும் அவனைக் கூட்டிக்கொண்டு தங்கவயலுக்குப் போகிறேன். நம் ஜனம் நிறைய அங்கே சுரங்கத்தில் இருக்கிறது. நான் உங்களைக் கேட்கவில்லை. தெரிவிக்கிறேன்.

நீங்கள் நாயக் ஆகிவிட்டீர்களா?

சென்னம்மாள்


இத்தாலி
9 நவம்பர் 1944

சென்னம்மாளுக்கு,

உன் கடைசிக் கடிதத்துக்குப் பிறகு நான் எழுதும் நான்காவது கடிதம் இது. முந்தின மூன்றுக்கும் பதில் இல்லை. ராணியம்மாளுக்கு எழுதி உன் விலாசத்தை வாங்கினேன்.

இங்கே மழையும் சேறும். பாலம் போடப் போட உடைக்கிறார்கள். சென்னப்பன் போன மாதம் ஆற்றங்கரையில் கண்ணிவெடியில் போய்விட்டான். அவன் வூட்டுக்கு எழுத வேண்டும், எப்படித் தொடங்குவதென்று தெரியவில்லை.

நான் நாயக் ஆகி, இப்போது ஹவில்தாராகவும் ஆகிவிட்டேன். சொன்னபடி மனுக் கொடுத்துவிட்டேன். காப்டன் கையெழுத்துப் போட்டுக் கலெக்டருக்கு அனுப்பியிருக்கிறார். இதை மாதையனிடம் சொல். சாலம்மாளுக்கு என் பெயராவது தெரியுமா?

வேடியப்பன்


தங்கவயல்
3 பிப்ரவரி 1945

மாமாவுக்கு,

சென்னப்பன் அவர்களைப் பற்றிப் படித்து வருத்தப்பட்டேன். நீங்கள் பிறந்த தெருவை மறந்தவர் என்று எழுதியிருந்தீர்கள். அப்படிப்பட்ட ஆள் குறைவு.

உங்கள் மனு வந்து சேர்ந்தது. ராணியம்மாள் சொல்லி அனுப்பினாள். ஒரு குமாஸ்தா கூத்தம்பாறைக்கு வந்து மணியக்காரர் வூட்டில் மோர் குடித்தாராம். தண்டனை அனுபவித்து முடித்தாகிவிட்டது, இனி விசாரிக்க என்ன இருக்கிறது என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாராம்.

நான் சுரங்கத்துக்கு மேலே கல் சுமக்கிறேன். மாதையனைக் கீழே இறக்க மறுத்துவிட்டார்கள், ஒரு கையை வைத்துக்கொண்டு என்ன செய்வான்? லைன் வூடுகளுக்குத் தண்ணீர் திறந்து விடுகிறான். தைமாதம் ரோசம்மாள் என்ற பெண்ணைக் கட்டிக்கொண்டான். மாதா கோயிலில் அவளோடு கடைசி வரிசையில் உட்கார்ந்துகொள்கிறான், முன்னால் போவதில்லை. பழக்கம் போகவில்லை என்று ரோசம்மாள் சிரிக்கிறாள். நான் சிரிப்பதில்லை.

சாலம்மாளுக்கு உங்கள் பெயர் தெரியும். சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அது அவளுக்குச் சேர வேண்டியது.

சென்னம்மாள்


கூத்தம்பாறை
7 செப்டம்பர் 1947

சென்னம்மாளுக்கு,

போன வருஷம் நான் தங்கவயலுக்கு வந்தபோது சாலம்மாள் என் மீசையைப் பார்த்து அழுதாள். நீ சோறு போட்டாய், பேசவில்லை. மாதையன் மட்டும் பேசினான். கட்டிலை எனக்குக் கொடுத்துவிட்டுத் தரையில் படுத்தான். நான் திரும்பி வந்ததிலிருந்து உன்னை அழைத்து எழுத ஒரு நல்ல செய்திக்காகக் காத்திருந்தேன். இப்போது அது வந்துவிட்டது.

கோயில் நுழைவுச் சட்டம் வந்துவிட்டது, உனக்குத் தெரியும். போன வெள்ளிக்கிழமை தாசில்தாரும் போலீஸ்காரர்களும் நம் ஊருக்கு வந்தார்கள். மாரியம்மன் கோயிலை எல்லோருக்கும் திறக்க வேண்டும் என்று தாசில்தார் சொன்னார். மணியக்காரர் ஒன்றும் மறுக்கவில்லை. அவருக்கும் உடம்பு தளர்ந்துவிட்டது. நம் தெருவிலிருந்து யார் முன்னால் வருகிறீர்கள் என்று கேட்டார்கள். எல்லோரும் என்னைக் காட்டினார்கள். நான் உடுப்பைப் போட்டுக்கொண்டு, மெடல்களைக் குத்திக்கொண்டு போனேன். பூட்ஸை வாசலில் கழற்றினேன்.

உள்ளே சின்ன இடம். எகிப்தில் பார்த்ததில் ஒரு மூலைக்குக் காணாது. குனிந்துதான் போக வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கு. அம்மன் என் முழங்கால் உயரம்தான் இருக்கிறாள். அப்பா எனக்குப் பின்னால் வந்து அழுதுவிட்டார்.

வெளியே வந்ததும் கூட்டம் போட்டார்கள். நம் ஜனத்தில் இந்தக் கோயிலுக்குள் கால் வைத்த முதல் ஆள் ஹவில்தார் வேடியப்பன் என்று தாசில்தார் பேசினார். கைதட்டினார்கள். மணியக்காரர் எனக்கு மாலை போட்டார். போடும்போது அவர் கை என் கழுத்தில் பட்டது. விலக்கிக்கொள்ளவில்லை.

சிப்பாய்களுக்குக் கொடுக்கும் நிலத்தில் எனக்கும் ஏரிக்குக் கீழே கொஞ்சம் ஒதுக்கியிருக்கிறார்கள். மணியக்காரரும் ஆட்சேபம் இல்லை என்று சொல்லிவிட்டார். நீ சாலம்மாளைக் கூட்டிக்கொண்டு வந்துவிடு. மாதையனும் ரோசம்மாளும் வரட்டும். இப்போது யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். இதை அவனுக்குப் படித்துக் காட்டு.

வேடியப்பன்


தங்கவயல்
2 அக்டோபர் 1947

மாமாவுக்கு,

படித்துக் காட்டினேன்.

நான் வேலை முடிந்து வந்தபோது மாதையன் வாசலில் உட்கார்ந்திருந்தான். ரோசம்மாளும் இருந்தாள். கடிதத்தைப் பிரிக்கும்போதே அவன் முகத்தில் ஒரு சந்தோஷம். உங்கள் கடிதம் என்றால் அவனுக்கு இன்னும் அப்படித்தான். அம்மன் முழங்கால் உயரம் என்ற இடத்தில் தலையை ஆட்டினான். ஆமாம், அவ்வளவுதான், நானும் பார்த்தேனே என்றான். உங்கள் அப்பா அழுததைக் கேட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

தாசில்தார் பேசிய இடம் வந்தது. படித்தேன். திரும்பப் படிக்கச் சொன்னான். திரும்பப் படித்தேன்.

"மாமன் ஒன்னும் சொல்லலியா அங்க?" என்று கேட்டான். கடிதத்தில் அப்படி ஒன்றும் இல்லை என்றேன்.

பிறகு, "மொத ஆளு மாமன்னா, அப்ப நான் திருடப் போனவன்தான்" என்றான்.

அவ்வளவுதான் சொன்னான். தண்ணீர் திறக்கும் நேரம் வந்தது, எழுந்து போய்விட்டான். அன்றிலிருந்து உங்கள் பேச்சை எடுப்பதில்லை. அடித்தபோதும், ஜெயிலிலும், கை கோணிப்போனபோதும் உங்களை விட்டுக்கொடுக்காதவன்.

அவனை விழச் சொன்ன ஜூன் மாதத்துக் கடிதத்தையாவது பயத்தில் எழுதினீர்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்பாவுக்காக, வூட்டுக்காக, அந்த நாயக் பட்டத்துக்காக. இப்போது உங்களுக்கு என்ன பயம்? மெடல் இருக்கிறது. சட்டம் இருக்கிறது. பக்கத்தில் போலீஸ் நின்றது. 'எனக்கு முன்னால் ஒருவன் போனான், அவன் பெயர் மாதையன், அவன் ஒன்றும் எடுக்கவில்லை' என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? கழுத்தில் மாலை விழும்போது வாய் அடைத்துவிடுமா?

வரச் சொல்லியிருக்கிறீர்கள். வருகிறேன். முதலில் நீங்கள் தாசில்தாரிடம் போய், அன்றைக்குச் சொன்னது தப்பு என்று சொல்லுங்கள். மணியக்காரரை வைத்துக்கொண்டு, அதே ஊர்க் கூட்டத்தில் சொல்லுங்கள். சொன்ன அன்றைக்கே எனக்கு எழுதுங்கள். மறுநாள் சாலம்மாளோடு ரயில் ஏறுகிறேன். அதற்கு முன்னால் நிலத்தைப் பற்றியும் கோயிலைப் பற்றியும் எனக்கு எழுத வேண்டாம்.

சென்னம்மாள்


கூத்தம்பாறை
15 ஜனவரி 1948

சென்னம்மாளுக்கு,

உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது. பதில் எழுதக் கூடாதென்று இல்லை. ஐப்பசியில் நல்ல மழை. ஏரி நிரம்பிற்று. அப்பாவுக்கு இருமல், இப்போது தேவலை.

நீ சொன்னது நியாயம்தான். நான் இல்லை என்று சொல்லவில்லை. அன்றைக்கு அவ்வளவு பேர் நடுவில் தாசில்தார் பேசிக்கொண்டிருக்கும்போது குறுக்கே பேசுவது எப்படி என்று நின்றுவிட்டேன். அவர் இப்போது மாற்றலாகிப் போய்விட்டார். புதியவருக்கு இந்தக் கதை ஒன்றும் தெரியாது. அவரிடம் முதலிலிருந்து சொல்ல வேண்டும்.

ஊர்க் கூட்டம் கூட்டச் சொல்லலாம் என்றுதான் இருந்தேன். அதற்குள் மணியக்காரர் வூட்டில் பேத்திக்குக் கல்யாணம் வைத்துவிட்டார்கள், வருகிற மாசியில். நம் வூட்டுக்கும் வெற்றிலைபாக்கு வைத்து அழைத்திருக்கிறார்கள். மணியக்காரரின் மகனே வந்து அழைத்தான். பந்தியில் உட்கார வைப்பார்கள் என்று பேசிக்கொள்கிறார்கள். நம் தெருவில் இதுவரைக்கும் யாருக்கும் நடந்ததில்லை. அப்பா புது வேட்டி எடுத்து வைத்திருக்கிறார்.

இந்த நேரத்தில் பழையதைக் கிளற வேண்டாம் என்று அப்பா சொல்கிறார். கல்யாணம் முடியட்டும். அதற்கப்புறம் பார்க்கலாம்.

வேடியப்பன்